தோட்டத்துப் படத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வாங்க

கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நடக்கும் திரைப்பட விழாக்களுக்கும் சிறப்புத் திரையிடல்களுக்கும் சில வருஷமாகப் போய் வருகிறேன். பார்த்ததில் பாதி மறந்துபோச்சு. மூன்று படங்கள் மட்டும் இன்னும் கூடவே வருகின்றன. ஒன்று தோட்டத்தைப் பற்றியது. இன்னொன்று தோட்டத்திலிருந்து வெளியே வந்து நின்றவர்களைப் பற்றியது. மூன்றாவது போலீஸ் லாக்கப்பைப் பற்றியது. மூன்று முறையும் படம் முடிந்து விளக்குப் போட்டதும் சுற்றிப் பார்த்தேன். பல்கலைக்கழக மாணவர்கள், அரசுசாரா இயக்கத்தார், பத்திரிகைக்காரர்கள், படம் எடுக்கும் ஆசையுள்ள இளைஞர்கள். நல்ல கூட்டம்தான். ஆனால் படத்தில் வந்த சனம் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒன்றிரண்டு பேர் இருந்திருக்கலாம், என்னைப் போல.

சொல்ல வருவது ஒரே விஷயம்தான். தோட்ட மக்களைப் பற்றி எடுத்த படத்தைத் தோட்ட மக்களுக்குப் போட்டுக் காட்டாத வரைக்கும் அந்தப் படத்தின் வேலை முடியவில்லை. அதை முடித்து வைக்கும் பொறுப்பு விழா நடத்துகிறவர்களுக்கு உண்டு. அதைவிட அதிகமாக நம் சொந்தச் சங்கங்களுக்கு உண்டு. ரெண்டு தரப்பும் இதுவரைக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் படங்கள்.

"செம்மண் சாலை" 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்தது. குறைந்த செலவு, டிஜிட்டல் கேமரா. ரப்பர்த் தோட்டத்தில் ஒரு குடும்பம், மேலே படிக்க ஆசைப்படும் ஒரு மகள். கதாநாயகன் வந்து காப்பாற்றுகிற சமாச்சாரமெல்லாம் கிடையாது. படம் மெதுவாகப் போகிறது. சென்னைப் படத்தின் வேகத்துக்குப் பழகிய கண் முதல் இருபது நிமிஷம் தவிக்கும். அப்புறம் அந்த மெதுவுக்குள் உட்கார்ந்துவிடும். பால் மரம் வெட்டுகிற வேலைக்கு ஒரு நிதானம் உண்டு. மரத்துக்கு மரம் நடக்கணும், கோடு பிசகாமல் வெட்டணும், பால் வடியக் காத்திருக்கணும். அந்த வாழ்க்கையை அவசரமாகக் காட்டினால் பொய்யாகிவிடும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. படத்தில் பேசுகிற தமிழ் நம் தமிழ். அதைத் திரையில் கேட்டபோதுதான், இத்தனை வருஷமாகத் திரையில் வேறு யாருடைய தமிழையோ கேட்டுக்கொண்டிருந்தோம் என்று உறைத்தது.

இந்தப் படம் வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் போய் வந்தது. நான் பார்த்த திரையிடலில், படம் முடிந்த பிறகு நடந்த கலந்துரையாடல் முழுக்க ஆங்கிலத்தில். எந்த ஆசிய இயக்குநரின் பாதிப்பு, ஏன் நீளமான ஷாட், அடுத்த படத்துக்கு முதலீடு எங்கிருந்து என்ற கேள்விகள். தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் என் அம்மா அங்கே இருந்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பார்: "அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை காசு யாரு கட்டுனா?" அம்மா தோட்டத்தில் பிறந்தவர், படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவர். அந்தக் கேள்விக்கு இயக்குநர் பதில் சொல்லியிருந்தால், அந்த மாலையில் பேசப்பட்ட எல்லாவற்றையும் விடப் படத்துக்கு நெருக்கமான பேச்சாக அது இருந்திருக்கும். அந்தக் கேள்வி எழவே முடியாத இடத்தில் படம் போடப்பட்டது. நான் குறை சொல்வது அதைத்தான்.

இரண்டாவது "ஜகாட்". சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்தது. அதே வாரம் ஸ்டார் வார்ஸ் படமும் வெளிவந்தது, எந்தப் படத்துக்கு எத்தனை திரை கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்டங்கள் உடைந்து, குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய காலம். அப்போய் என்ற பன்னிரண்டு வயசுப் பையன். எப்படியாவது இவன் படித்துவிடணும் என்று அடித்தே வளர்க்கும் அப்பா. ஒரு சித்தப்பா குண்டர் கும்பலில், இன்னொருவர் போதையிலிருந்து மீண்டு வந்தவர். பையன் யாரைப் பார்த்து வளர்கிறான் என்பதுதான் படம்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, அது யாரையும் மன்னிக்கவும் இல்லை, யாரையும் தூக்கில் போடவும் இல்லை. அப்பாவின் அடியில் இருக்கும் பயத்தைக் காட்டுகிறது. கும்பலில் இருக்கும் மரியாதை எங்கிருந்து வருகிறது என்றும் காட்டுகிறது. பள்ளிக்கூடமும் வீடும் கொடுக்காத ஒன்றைத் தெருவில் ஒருவன் கொடுக்கிறான், அவனுக்குப் பின்னால் பையன் போகிறான். இதைக் கருத்தரங்கில் ஐந்து பேராசிரியர்கள் உட்கார்ந்து சொல்வதைவிட இந்தப் படம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

அரங்கில் ஒரு விஷயம் கவனித்தேன். சிரிப்பு ரெண்டு தவணையில் வந்தது. தமிழ் தெரிந்த ஏழெட்டுப் பேர் முதலில் சிரித்தோம். துணையெழுத்தைப் படித்துவிட்டு மற்றவர்கள் ஒரு விநாடி தாமதமாகச் சிரித்தார்கள். சில இடங்களில் நாங்கள் மட்டும்தான். பச்சையாகத் திட்டுகிற அந்தத் திட்டில் இருக்கிற பாசம் எந்த மொழிபெயர்ப்பிலும் ஏறாது. இந்தப் படத்தை ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ போட்டிருந்தால் சிரிப்பு ஒரே தவணையில் வந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் அமைதியும்தான்.

இந்த இடத்தில் நம் ஆட்களின் ஒரு வாதத்தைச் சந்தித்தே ஆகணும். "நம்ம இனத்தைக் குண்டர்களா காட்டுறாங்க, வெளியில மானம் போவுது." ஜகாட்டுக்கும் இதைச் சொன்னார்கள், இனிமேல் வரும் படங்களுக்கும் சொல்வார்கள். மானம் போவது படத்தால் என்றால், படம் வருவதற்கு முந்தின இருபது வருஷம் மானம் எங்கே இருந்தது? தாமானில் ஒரு பையன் பாராங் கத்தியோடு திரிவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் நாம், அதே பையன் திரையில் வந்தால் மட்டும் கூச்சப்படுகிறோம். சென்னையிலிருந்து வரும் படத்தில் நாயகன் நாற்பது பேரை வெட்டிவிட்டு மெதுவாக நடந்து வந்தால் விசில் அடிக்கிறோம். அவன் ஏன் கத்தி எடுத்தான் என்று கேட்கும் படம் வந்தால் இனத்துக்கு அவமானம் என்கிறோம். இது மானப் பிரச்சினை இல்லை. கண்ணாடியில் முகம் பார்க்கப் பயம்.

மூன்றாவது ஒரு குறும்படம். "சில்லி பவுடர் அண்ட் தின்னர்". அமின் லண்டாக் இயக்கிய அசைவூட்டப் படம். போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளானதாகச் சொல்லும் ஓர் இளைஞரின் அனுபவத்தை எளிய கோட்டோவியத்தில் சொல்கிறது. மிளகாய்த் தூளும் தின்னரும் தலைப்பிலேயே இருக்கின்றன, அவை எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. படம் பார்க்கும்போது, ஓவியமாக இருப்பதால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாங்க முடியவில்லை. நிஜ முகம் இல்லாததால் தெரிந்த முகங்களையெல்லாம் மனசு அங்கே ஒட்டிப் பார்க்கிறது. 2021 ஜூலையில் போலீஸ் ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க் அலுவலகத்திலும் இயக்குநரின் வீட்டிலும் சோதனை போட்டது. அதே வருஷம் ஏப்ரலில்தான் பால் வியாபாரி கணபதி இறந்தார், போலீஸ் காவலிலிருந்து மருத்துவமனைக்குப் போனவர். 2009இல் குகன், காவலிலேயே. இந்தப் பெயர்களை நம் வீடுகளில் மறந்தவர்கள் கிடையாது. அப்படியிருக்க, இந்தப் படத்தைப் பற்றி நம் வட்டாரத்தில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. போலீசுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை.

நாலாவதாக ஒரு படம் உண்டு. அதை நான் விழாவில் பார்க்கவில்லை, கணினியில்தான் பார்த்தேன். காரணம் கதையாகவே சொல்லப்பட வேண்டியது.

2009இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் நடந்ததைப் பற்றிக் கேலம் மெக்ரே எடுத்த ஆவணப்படம் "நோ ஃபயர் ஸோன்". 2013 ஜூலை 3 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில், அழைக்கப்பட்டவர்களுக்காக, கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பு இதைப் போட்டது. அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். அமைப்பின் ஊழியர் லீனா ஹென்றி மீது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் வழக்குப் போட்டார்கள். தணிக்கை வாரியம் பார்த்து அனுமதிக்காத படத்தைத் திரையிட்டது குற்றம். தண்டனை 5,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டும். 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விடுவித்தது. அதே செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, எதிர்வாதம் செய்யச் சொன்னது. 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 10,000 ரிங்கிட் அபராதம்.

ஈழத் தமிழர் பற்றிய ஒரு படத்தைக் கோலாலம்பூரில் போட்டதற்காக ஒருவர் மூன்றரை வருஷத்துக்கு மேல் நீதிமன்றத்துக்கு அலைந்தார். ஈழத்துக்காக மேடையில் கண்ணீர் விட்ட நம் தலைவர்களில் எத்தனை பேர் அந்த நீதிமன்ற வாசலில் போய் நின்றார்கள் என்று அவரவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

2016ஆம் வருஷத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஜூலையில் "கபாலி" வந்தது. மலேசியத் தோட்டத் தமிழனின் கதையைச் சென்னையிலிருந்து வந்து ரஜினியை வைத்து எடுத்தார்கள். விடியற்காலைக் காட்சிக்குக் கூட்டம் முட்டியது. மலேசியாவில் காட்டிய பதிப்பில், கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று முடிவில் எழுத்துப் போட்டார்கள். சட்டத்தை மீறுபவன் தப்பிக்கக் கூடாது என்ற ஏற்பாடு. நாம் அதையும் விசில் அடித்துப் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைகள் வந்தன. "ஜகாட்", "ஓலா போலா" போன்றவை சிறந்த படத்துக்கான முதன்மைப் பிரிவில் இல்லை. மலாய் மொழி அல்லாத படம் என்று தனிப் பிரிவில் ஒதுக்கப்பட்டிருந்தன. வசனத்தில் எழுபது விழுக்காடு மலாய் இருக்கணும் என்பது அளவுகோல். எதிர்ப்பு கிளம்பியது. முன்னால் நின்று சத்தம் போட்டவர்களில் அஃப்ட்லின் ஷவுக்கி, ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம் போன்ற மலாய்க் கலைஞர்கள் இருந்தார்கள். கடைசியில் மொழிப் பாகுபாடு இல்லாத பிரிவு வந்தது. செப்டம்பரில் "ஜகாட்" சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது, சஞ்சய்க்குச் சிறந்த புதுமுக இயக்குநர் விருது. அதே செப்டம்பரில்தான் லீனாவின் விடுதலை ரத்தானது.

ஒரே வருஷத்தில் மூன்று செய்தி. இதில் எது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது? கபாலி மட்டும்தான். மற்ற ரெண்டும் ஆங்கில, மலாய்ப் பத்திரிகையைப் படிக்கிறவர்களின் விஷயமாகவே போய்விட்டது. ஒரு தமிழ்ப் படம் நாட்டின் சிறந்த படமானபோது அதைக் கொண்டாட அசாம் ஜாவாவில் ஒரு பேனர் கட்டப்படவில்லை. கபாலிக்குக் கட்டினார்கள், பாலும் ஊற்றியிருப்பார்கள்.

"தோட்டத்து சனத்துக்கு இந்த மாதிரி படமெல்லாம் புரியாது, ரஜினி படம்னாதான் வருவாங்க." இதை விழாக்காரர்கள் நாசூக்காகச் சொல்கிறார்கள், சங்கத்துக்காரர்கள் பச்சையாகச் சொல்கிறார்கள். ரெண்டு பேருக்கும் வரலாறு தெரியவில்லை. தோட்டத்தில் திடல் படம் என்று ஒன்று இருந்தது. திடலில் ரெண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி, பாயும் சாக்கும் கொண்டுவந்து விரித்து, துணிக்குப் பின்பக்கமும் ஆள் உட்கார்ந்து பார்த்த காலம் அது. எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். படத்தோடு முடியவில்லை. 1946இல் தொடங்கிய மலாயா ஃபிலிம் யூனிட் எடுத்த ஆவணப்படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் கம்போங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டின. அவசரகாலத்தில் அரசாங்கம் சொல்ல நினைத்ததை நம் சனத்திடம் சொல்ல, புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு செம்மண் ரோட்டில் வந்தது. ஆவணப்படம் தோட்டத்தாருக்குப் புரியும் என்று வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. சுதந்திர மலேசியாவின் முற்போக்குக் கலை ஆர்வலருக்குத் தெரியவில்லை.

ஒரு பொறியாளனாக இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. இன்றைக்கு 3,000 லூமன் புரொஜெக்டர் ஒன்று ஏறக்குறைய 300 வாட் மின்சாரம்தான் எடுக்கும். ஒலிபெருக்கி ரெண்டு சேர்த்தாலும் பசார் மாலாமில் ஆப்பம் சுடுகிறவர் விளக்குக்கு வைத்திருக்கும் சின்ன ஜெனரேட்டர் போதும். பத்தடி அகலத் துணி, மடிக்கணினி ஒன்று. நம் ஊரில் ஏழேகால், ஏழரைக்கு இருட்டிவிடும். எட்டு மணிக்குப் படம் போட்டால் பத்து மணிக்குள் பேசி முடித்து வீட்டுக்குப் போகலாம். மழை வந்தால் பாலாய் ராயாவில், இல்லையென்றால் கோயில் மண்டபத்தில். ஒரு திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் எல்இடி அலங்காரச் செலவில் இந்த மாதிரி பல இரவுகள் நடத்தலாம். தடை கருவியில் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மேலே அதைத்தான் சொன்னேன். ஆனால் "ஜகாட்" திரையரங்கில் ஓடிய படம், தணிக்கைச் சான்று ஏற்கெனவே உண்டு. அதைத் திடலில் போட உரிமையாளரின் சம்மதமும் உள்ளூர் அனுமதியும் வாங்கினால் போதும். திரையரங்குக்கு வந்த மற்ற உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கும் இதே நிலைதான். ஆக, சட்டம் என்ற சாக்கு பாதிப் படங்களுக்குப் பொருந்தாது. மீதிப் பாதிக்கு, அதாவது சான்று இல்லாத ஆவணப்படங்களுக்கு, விண்ணப்பம் போடுங்கள். தோட்டத்தில் காட்டுவதற்கு என்று எழுதியே போடுங்கள். மறுத்தால் மறுத்த கடிதத்தை வெளியிடுங்கள். யார் நம்மைப் பார்க்க விடவில்லை என்று நம் சனம் தெரிந்துகொள்ளும், அதுவும் ஓர் அரசியல் கல்விதான். மூடிய அரங்கில் இருநூறு பேருக்குப் போட்டுவிட்டு, தணிக்கை மோசம் என்று அந்த இருநூறு பேரிடமே சொல்லிக்கொண்டிருப்பதால் தணிக்கை வாரியம் ஒரு நாளும் அசையாது. தணிக்கைக்கு எதிராக நிற்க ஆள் வேண்டும் என்றால், தணிக்கையால் எதை இழக்கிறோம் என்று அந்த ஆளுக்குத் தெரியணும்.

இதெல்லாம் கனவு இல்லை, செய்து காட்டிய ஊர் இருக்கிறது. கேரளத்தில் ஜான் ஆபிரகாம், தமிழில் "அக்ரஹாரத்தில் கழுதை" எடுத்த அதே ஜான், எண்பதுகளில் நண்பர்களோடு ஒடேஸா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் சாப்ளினின் "தி கிட்" படத்தைப் போட்டார்கள். பார்த்தவர்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்தார்கள். அந்தக் காசில் 1986இல் "அம்மா அறியான்" எடுத்தார்கள். எடுத்த படத்தையும் அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்தப் படம் இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. காசு கொடுத்த மீன்காரரும் விவசாயியும்தான் அதன் முதல் பார்வையாளர்கள். விழா அப்புறம் வந்தது. நம் ஊரில் விழா முதலில் வருகிறது, அதற்கப்புறம் ஒன்றும் வருவதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடணும். ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் போன்ற விழா 2003லிருந்து வழக்கு, சோதனை, பணமுடை எல்லாவற்றையும் தாங்கி நடந்து வருகிறது. தலைநகருக்கு வெளியே பினாங்கு மாதிரி நகரங்களுக்கும் போயிருக்கிறது. இப்படி ஆட்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் பேச எனக்குப் படமே இருந்திருக்காது. அதனால்தான் அவர்களிடம் கேட்கிறேன். கேட்டால் காது கொடுப்பார்கள் என்று தெரிகிறவர்களிடம்தான் சண்டை போட முடியும். நகரத்துக்கு நகரம் போகிற வண்டி, இடையில் இருக்கிற சந்திப்புகளில் ஏன் நிற்பதில்லை? அசாம் ஜாவாவிலிருந்து பெட்டாலிங் ஜெயா ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் வார நாளில் செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை முடித்து, டோல் கட்டி, நெரிசல் தாண்டி, எட்டு மணிக் காட்சிக்கு யாரால் வர முடியும்? காடி உள்ளவன், வேலை நேரம் தன் கையில் உள்ளவன், ஆங்கிலக் கலந்துரையாடலில் உட்காரக் கூச்சம் இல்லாதவன். மற்றவர்களுக்கு அந்த ஐம்பது கிலோமீட்டர் ஐந்நூறு.

நம் சங்கங்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. நட்சத்திர விழாவுக்குச் சென்னையிலிருந்து ஆள் இறக்க ஆதரவாளர் கிடைக்கிறார்கள். மேசைக்கு ஆயிரக்கணக்கில் விலை வைத்து விருந்து நடத்த முடிகிறது. "உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஆதரவு தாருங்கள்" என்று அதே மேடையில் ஒரு வரி பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆதரவு என்ற இந்தச் சொல்லே எனக்கு ஆகாது. ஆதரவு பிச்சைக்குப் பக்கத்து வீடு. "ஜகாட்" எடுத்தவருக்கு யாருடைய ஆதரவும் வேண்டாம், பார்வையாளர்கள் வேண்டும். படம் நன்றாக இல்லையென்றால் திட்டுகிற பார்வையாளர்கள். நம் ஆள் எடுத்தது என்று மொட்டைப் பாராட்டுப் பாராட்டுகிறவர்களால் எந்தக் கலையும் வளர்ந்ததில்லை. "அந்தக் காலத்துல தண்டலு இப்படிப் பேச மாட்டான்யா" என்று திடலில் ஒரு கிழவர் எழுந்து சொன்னால், அடுத்த படத்தின் திரைக்கதைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அப்படிப் பார்வையாளர்கள் உருவானால் கதைகளுக்கும் பஞ்சம் இருக்காது. 1941இல் இந்தச் சிலாங்கூர்த் தோட்டங்களில்தான் கிள்ளான் வேலை நிறுத்தம் பரவியது. கூலி உயர்வோடு, துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டார்கள். ஆர். எச். நாதனைக் கைது செய்தார்கள், ராணுவத்தை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரு மனுஷன் சொன்ன அந்தக் கணத்தை எந்த முழுநீளப் படத்தில் பார்த்திருக்கிறோம்? நம் காலத்துக் கதையே இருக்கிறது. பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். நிலம் கைமாறிய பிறகு வீட்டுக்காக 245 குடும்பங்கள் இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தன. கோரிக்கை மனுவில் கைநாட்டு வைத்தவர்களில் சிலர் வீட்டைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள். இதை எடுக்க வெளியிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தால் நல்லதுதான். ஆனால் முதலில் எழ வேண்டியது அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு, "இதை நானே எடுப்பேன்" என்ற எண்ணம். திரையில் ஒரு தரம்கூடத் தன்னைப் பார்க்காத பிள்ளைக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வரும்?

ஆகவே, கோரிக்கையை நேராகவே வைக்கிறேன்.

விழா நடத்துகிறவர்களுக்கு: அடுத்த நிகழ்ச்சி நிரலில் தோட்டம், புறம்போக்கு, லாக்கப் பற்றிய படம் ஏதாவது இருந்தால், அரங்கத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள். அசாம் ஜாவா, அல்லது ஈஜோக், அல்லது புக்கிட் ரோத்தான், அல்லது பெஸ்தாரி ஜெயா. ஒரு படம், ஓர் இரவு, ஓர் ஊர். வேறு மொழிப் படமாக இருந்தால் துணையெழுத்து தமிழில் வேண்டும். கலந்துரையாடல் தமிழில் நடக்கட்டும், இயக்குநருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்க எங்களில் ஆள் இருக்கிறது.

சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும்: வருஷத்தில் ஓர் இரவு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். வாடகை வேண்டாம். முன்வரிசையில் தலைவருக்குச் சோபா போட வேண்டாம், மாலை பொன்னாடை வேண்டாம், படத்துக்கு முன்னால் அரை மணி நேரப் பேச்சு சத்தியமாக வேண்டாம்.

படம் எடுக்கிறவர்களுக்கு: வெளிநாட்டு விழாவுக்குப் படத்தை அனுப்பும் அன்றைக்கே, படம் எடுத்த ஊருக்கும் ஒரு தேதி கொடுங்கள். உங்களுக்கு வீடு திறந்துவிட்டவர்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தவர்கள், கேமரா முன்னால் நின்று அழுதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். துணி கட்டவும் வயர் இழுக்கவும் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றவும் நாங்கள் வருகிறோம். பாய் அவரவர் கொண்டு வருவார்கள்.